ரத்தினபுரிக்குப் போன லண்டன்

ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தெரியாத்தனமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். குழித்தறியில் அரக்கு நிறச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஜக்கார்டு பெட்டியிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கின. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு அட்டை நகர்ந்தது. முந்தியில் மயில்.

“இந்த டிசைன் யாரோடதுண்ணா?”

“யாரோடதுன்னா? நெய்யறவனோடதுதான்.”

“இல்ல, மொதல்ல போட்டது யாரு?”

“அட்ட காஞ்சிபுரத்துல வெட்டி வாங்கினது சார். அவங்க எந்தச் சேலையப் பாத்து எடுத்தாங்களோ, யாருக்குத் தெரியும்? இதுல மயிலு கழுத்து முன்ன அந்தாண்ட இருந்துச்சி. நான்தான் இந்தாண்ட திருப்பி வெச்சேன். நல்லாக்கீதா இல்லையா, அதச் சொல்லுங்க.”

நன்றாகத்தான் இருந்தது. பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஜக்கார்டு பெட்டி 1800களின் தொடக்கத்தில் பிரான்ஸின் லியோன் நகரத்தில் பிறந்தது. எல்லாம் சேர்ந்து இறங்கும்போது அதன் பெயர் ஆரணிப் பட்டு. இதில் யாருக்கும் எந்த வெட்கமும் இல்லை.

மயில் கழுத்தைத் திருப்பி வைத்த இன்னொருவரும் இந்த ஊர்க்காரர்தான். அவர் கைக்கு வந்தது லண்டன் மாநகரம். ஆரணி குப்புசாமி முதலியார் என்று பெயர். 1910களிலும் 20களிலும் தமிழில் காதலும் மர்மமும் கலந்த நாவல்களை விற்றுத் தள்ளியவர்களின் முதல் வரிசையில் இருந்தவர். எழுதியது 70 நாவலுக்கு மேல் என்று இலக்கிய வரலாறுகள் சொல்கின்றன. அவர் நெய்த பாவு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் ஆரணியில் இருந்து பாரிஸ் வரை போக வேண்டியிருக்கிறது. அந்த வழியாகவே திரும்பி வருவோம்.

1842இல் பாரிஸில் ஒரு நாளிதழ் ‘பாரிஸின் மர்மங்கள்’ என்ற தொடர்கதையை வெளியிடத் தொடங்கியது. எழுதியவர் எழேன் சூ. மாளிகையில் இருப்பவர்களின் அசிங்கமும் சேரியில் இருப்பவர்களின் அவலமும் ஒரே கதைக்குள். நடுவே ஓர் ஏழைப் பெண், மாறுவேடத்தில் ஓர் இளவரசன். மறுநாள் பத்திரிகைக்காக ஊரே காத்திருந்தது. தொடர் 1843இல் முடிந்தது. அடுத்த ஆண்டே லண்டனில் ‘லண்டனின் மர்மங்கள்’ வந்துவிட்டது.

அதை எழுதிய ஜார்ஜ் வில்லியம் மக்ஆர்தர் ரெயினால்ட்ஸ் ஓர் அதிசயப் பிறவி. 1814இல் கென்ட் மாவட்டத்து சாண்ட்விச்சில் ஒரு கடற்படை அதிகாரியின் மகனாகப் பிறந்தார். ராணுவப் பள்ளியில் சேர்த்தார்கள், தங்கவில்லை. பதினாறு வயதில் பாரிஸுக்குப் போனார். கையில் இருந்த காசெல்லாம் கரைந்து லண்டன் திரும்பினார். டிக்கன்ஸ் ‘பிக்விக்’கை எழுதி முடித்த கையோடு, டிக்கன்ஸின் பாத்திரங்களைக் கூசாமல் தூக்கிக்கொண்டுபோய் பிரான்ஸில் விட்டு ‘வெளிநாட்டில் பிக்விக்’ என்று ஒரு கதை எழுதத் தொடங்கினார். அது நன்றாக விற்றது. டிக்கன்ஸுக்குக் கோபம். பின்னால் 1850இல் டிக்கன்ஸ் சொந்தப் பத்திரிகை தொடங்கியபோது, முதல் இதழிலேயே பெயர் சொல்லாமல் இவரைத் தாளித்திருக்கிறார்.

‘லண்டனின் மர்மங்கள்’ வாரத்துக்கு எட்டுப் பக்கம். முகப்பில் ஒரு மரச்செதுக்குப் படம். விலை ஒரு பென்னி. தையல்காரர், வேலைக்காரப் பெண், சுமை தூக்குபவர், எல்லோருக்கும் எட்டுகிற விலை. வாரம் நாற்பதாயிரம் பிரதிகள் வரை போனது என்று கணக்கிடுகிறார்கள். படிக்கத் தெரிந்த ஒருவன் சத்தம் போட்டுப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்ட காலம் அது. ஆகவே கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த எண் சொல்லாது.

கதை? ஒரு நல்ல தம்பி, ஒரு கெட்ட அண்ணன். பிணம் தோண்டி விற்கும் ஒரு கொடியவன், ‘உயிர்த்தெழச் செய்பவன்’ என்று அவனுக்குப் பட்டப்பெயர். சொத்துச் சதிக்காக ஆண்வேடம் போட வைக்கப்படும் எலிசா. வறுமையில் முதலில் சிலை செய்பவனுக்குத் தன் முகத்தைக் கொடுத்து, பிறகு ஓவியனுக்கு, பிறகு சிற்பிக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே விற்க நேரும் எல்லன். இந்த எல்லன் பகுதியை நான் மட்டமான எழுத்து என்று ஒதுக்க மாட்டேன். வேலை இல்லாத பெண்ணுக்கு லண்டன் என்ன விலை வைத்தது என்பதை அந்தக் காலத்துக் கண்ணியமான நாவல்கள் பல சொல்லத் தயங்கின. பென்னி எழுத்தாளர் சொல்லிவிட்டார்.

1848இல் பதிப்பாளரோடு மனக்கசப்பு. ரெயினால்ட்ஸ் ஜான் டிக்ஸ் என்பவரிடம் போய் ‘லண்டன் அரண்மனையின் மர்மங்கள்’ என்று வேறு தொடர் ஆரம்பித்தார். அது 1850களின் நடு வரை ஓடியது. இதில் வில்லன் சாதாரண ஆளில்லை. பட்டத்து இளவரசனாக இருந்து பிறகு நான்காம் ஜார்ஜாக முடிசூட்டிக்கொண்டவனே வில்லன். ரெயினால்ட்ஸ் அரசியலிலும் அப்படித்தான். தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் நின்றவர். 1848 மார்ச்சில் டிரஃபால்கர் சதுக்கத்தில் கூட்டத்தின் முன் பேசியவர். பிரபுக்களை அவருக்குப் பிடிக்காது. பிரபு என்று ஒருவன் கதைக்குள் வந்தால் அவன் யார் வாழ்க்கையையோ கெடுக்கத்தான் வந்திருக்கிறான் என்று வாசகன் தயாராகிவிடலாம்.

இந்தச் சரக்குதான் கப்பலேறியது.

ஜான் டிக்ஸ் மலிவுப் பதிப்புகள் போட்டார். பொடி எழுத்து, இரண்டு பத்தி, மெல்லிய அட்டை. அவை பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் இறங்கின. நூலகங்களுக்குள்ளும் பழைய புத்தகக் கடைகளுக்குள்ளும் பரவின. 19ஆம் நூற்றாண்டில் இந்தியர்கள் எந்த ஆங்கில நாவல்களைப் படித்தார்கள் என்று ஆராய்ந்த பிரியா ஜோஷி, ரெயினால்ட்ஸுக்கு இங்கே இருந்த மவுசை விரிவாகவே எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஸ்காட்டையும் டிக்கன்ஸையும் கொடுத்தார்கள். பையன்கள் ரெயினால்ட்ஸைத் தேடினார்கள். வங்காளம், மராத்தி, உருது என்று அவர் ஒவ்வொரு மொழிக்குள்ளும் புகுந்தார். சொந்த நாட்டில் அவர் புகழ் மங்கிக்கொண்டிருந்தபோது இங்கே ஏறிக்கொண்டிருந்தது. 1879இல் அவர் லண்டனில் இறந்தார். அதே ஆண்டுதான் தமிழின் முதல் நாவல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சாகி வெளிவந்தது.

ஏன் இவ்வளவு பிடித்தது? வெள்ளைக்காரப் பிரபுக்களின் யோக்கியதையை ஒரு வெள்ளைக்காரனே புட்டுப் புட்டு வைத்தான் என்ற ருசி ஒன்று. கலெக்டர் துரைக்கு முன்னால் கைகட்டி நிற்கும் குமாஸ்தாவுக்கு அது சும்மா கிடைத்த சந்தோஷம். ஆனால் ஆரணிப் பக்கத்தை நினைக்கும்போது எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. இது தெருக்கூத்து நாடு. பாரதம் வைத்தால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற ஊர்கள் சுற்றிலும். மாறுவேடம், சொத்துக்காகப் பங்காளி செய்யும் சூது, மானத்துக்கு வரும் சோதனை, போனவன் திரும்பி வருவது, கெட்டவன் கடைசியில் சாவது, எல்லாம் இங்கே முன்பே பழகியவை. ரெயினால்ட்ஸ் கொண்டுவந்தது புதுச் சாமான் இல்லை. தெரிந்த சாமானைத் தெரியாத ஊரில் வைத்துக் காட்டினார், அவ்வளவே.

போதாக்குறைக்கு ஆரணி ஒரு ஜாகீர். மராட்டியர் காலத்திலிருந்து வந்த ஜாகீர்தார்கள், கோட்டை, சத்திய விஜய நகரத்து அரண்மனை. 1751இல் கிளைவ் சண்டை போட்ட ஊர் வேறு. அரண்மனை உள்ள ஊரில் அரண்மனைக் கதைகளுக்குப் பஞ்சம் இருக்காது.

குப்புசாமி முதலியார் இந்த ஊரில் 1860களின் நடுவில் பிறந்தார். அப்போது இது வட ஆர்க்காடு மாவட்டம். இங்கிலீஷ் படித்தார், இங்கிலீஷ் நாவல்களில் விழுந்தார். எழுந்து வந்தபோது கையில் தமிழ்நாவல்கள் இருந்தன. ‘இரத்தினபுரி இரகசியம்’ என்று பாகம் பாகமாக வந்த பெருநாவல்தான் ரெயினால்ட்ஸின் லண்டன் தமிழ்நாட்டுக்குள் நுழைந்த பெரிய வாசல். இன்னும் ‘மின்சார மாயவன்’, ‘மதனபூஷணம் அல்லது இறந்தவன் பிழைத்தது’ என்று நிறைய. அந்தக் காலத்து நாவல்களுக்கு இந்த ‘அல்லது’ ஒரு நகை மாதிரி. ஒரு தலைப்பு அழகுக்கு, ஒன்று ஆசைகாட்ட. ஷெர்லாக் ஹோம்ஸையும் அவர் விடவில்லை. பேக்கர் தெருத் துப்பறிவாளர் தமிழில் ஆனந்தசிங் ஆனார்.

இந்த ‘சிங்’கிலும் ‘புரி’யிலும்தான் அவர் வேலையின் சூட்சுமம் இருக்கிறது என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள். லண்டன் கதையில் ஓர் இளைஞனும் கல்யாணமாகாத ஒரு பெண்ணும் நடன விருந்தில் சந்திக்கிறார்கள், தோட்டத்தில் நடக்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள். 1910இல் ஆரணியில் இவர்களை எங்கே சந்திக்க வைப்பது? பெண்ணுக்குப் பல குடும்பங்களில் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கல்யாணம் முடிந்துவிடும். கல்யாண வயது பதினான்கு என்று சாரதா சட்டம் சொன்னதே 1929இல்தான். கதாநாயகிக்குப் பதினெட்டு வயது, இன்னும் கன்னி, தனியாகத் தோட்டத்தில் நிற்கிறாள் என்று எழுதினால் முதல் பக்கத்திலேயே வாசகன் ‘இவள் வீட்டில் கேட்க ஆளில்லையா?’ என்பான். அதனால் ஊரைத் தள்ளி வைக்க வேண்டும். லண்டனும் இல்லை, ஆரணியும் இல்லை. ராஜகுமாரர்களும் ஜமீன்தார்களும் இருக்கும் ஒரு ரத்தினபுரி. வடக்கே எங்கோ இருப்பது போன்ற ஒரு சிங். அங்கே காதல் நடக்கலாம், நம் தெருவின் மானம் போகாது. நம் சினிமா இந்தத் தந்திரத்தை எத்தனையோ முறை செய்திருக்கிறது. குப்புசாமி முதலியாரும் அவர் கூட்டாளிகளும் அதற்கு முன்னோடிகள்.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. அவர் பெயருக்கு முன்னால் ஆரணி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. அவரை நிலைநிறுத்திய பெருநாவலுக்கோ ஊர் ரத்தினபுரி. பாவு நீட்டிய தெருவும், கூலிக்குத் தறி போடுகிறவன் முன்பணத்துக்குள் மாட்டிக்கொள்வதும், அச்சில் இழை கோக்கும் பெண்களின் விரலும் எந்த ரத்தினபுரிக்குப் போய்ச் சேரும்? ரெயினால்ட்ஸ் எல்லனைத் தன் லண்டனிலேயே கண்டார். அந்தக் கண்ணைத்தான் நம் ஆட்கள் இறக்குமதி செய்யத் தவறினார்கள். கதையை எடுத்தார்கள், கோபத்தை விட்டுவிட்டார்கள்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. தமிழுலகமே அப்போது இந்தச் சந்தையில்தான் நின்றது. பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: மறைமலையடிகளும் ரெயினால்ட்ஸிடம் கை நீட்டியவர்தான். அவர் 1911இல் வெளியிட்ட ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’, ரெயினால்ட்ஸின் ‘லீலா’வின் தழுவல். ஐந்து ஆண்டு கழித்து, 1916இல், தனித்தமிழ் இயக்கம் கண்டவர் அவர். சொல்லில் கலப்புக் கூடாது என்றவர் கதையில் கலப்பை ஏற்றுக்கொண்டார். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை, அந்தக் காலத்தின் பசி தெரிகிறது. உரைநடையில் நீளமாக, சுவையாக, ஓர் ஆள் இரவு முழுக்கத் தனியாக உட்கார்ந்து படிக்கிற மாதிரி ஒன்று தமிழில் தேவைப்பட்டது. கையில் அகப்பட்ட அச்சில் வார்த்தார்கள்.

ஜே. ஆர். ரங்கராஜு ‘இராஜாம்பாள்’ எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியார் என்ற துப்பறிவாளரை உலவவிட்டார். இவர்கள் நாவலைக் காசாக்கத் தெரிந்தவர்கள். குப்புசாமி முதலியாருக்கு இன்னொரு பலமும் இருந்தது: பத்திரிகை. 1915இல் நாகவேடு முனிசாமி முதலியார் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’ மாத இதழுக்கு இவர் ஆசிரியர். பெயரைப் பார்த்தாலே தெரியும், ஆனந்தமும் வேண்டும், போதனையும் வேண்டும். சமயக் கட்டுரை, ஒழுக்க உரை, நாட்டு நடப்பு, அவற்றின் பக்கத்தில் கதை. மாமனார் பார்க்கும்போது சமயப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். நாவல்களுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். காதலன் சிறையில் துடித்துக்கொண்டிருப்பான், கதை ஒரு நிமிடம் நின்று கற்பின் மேன்மையையோ கர்ம பலனையோ பற்றிச் சொற்பொழிவாற்றும். இன்றைக்குப் படித்தால் கொட்டாவி வரும். அன்றைக்கு அந்தச் சொற்பொழிவுதான் அனுமதிச் சீட்டு. அது இல்லாமல் அந்தப் புத்தகம் வீட்டுக்குள் நுழைந்திருக்காது.

நுழைந்தது. அதுதான் பலரைக் கலவரப்படுத்தியது. நாவல் படித்துப் பிள்ளைகள் கெடுகிறார்கள், பெண்கள் அடுப்பில் பாலைப் பொங்க விடுகிறார்கள் என்ற புலம்பலை அந்தக் காலத்து எழுத்தில் நிறையவே பார்க்கலாம். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ என்ற தன் நூலில் இந்த அச்சத்தின் உள்ளே போய்ப் பார்க்கிறார். முன்பு திண்ணையில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, நாலு பேர் கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நாவலோ வாய்க்குள் படிப்பது. அறையில் ஒரு பெண் உதடு அசையாமல் பக்கம் புரட்டுகிறாள். அவள் மனசுக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று மாமியாருக்கு எப்படித் தெரியும்?

1925இல் குப்புசாமி முதலியார் காலமானார். அதே ஆண்டில்தான் வை. மு. கோதைநாயகி என்ற இளம்பெண் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கி, அதில் ‘வைதேகி’ என்ற நாவலைத் தொடராக எழுதினார். பின்னாளில் அவர் எழுதிய நாவல்கள் நூற்றைத் தாண்டின. யார் படிப்பதைப் பார்த்து ஊர் பயந்ததோ அவர்களில் ஒருத்தியே எழுதக் கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ரத்தினபுரி சீக்கிரமே காலியானது. ‘ஆனந்த விகடன்’ வந்தது, கல்கி வந்தார். வாசகர்கள் தங்கள் தெருவையே கதையில் பார்க்கப் பழகினார்கள். ‘மணிக்கொடி’ இதழ்க்காரர்களுக்குத் தழுவல் என்ற வார்த்தையே கசந்தது. 1937 வாக்கில் மொழிபெயர்ப்பா தழுவலா என்று நடந்த சண்டையில் புதுமைப்பித்தன் தழுவலை ஈவிரக்கமில்லாமல் தாக்கினார். பின்னாளில் அவருடைய சில கதைகளுக்குள்ளேயே பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் ஒளிந்திருந்தது தெரிந்தபோது அது ஒரு தனி விவகாரமானது. யாரைத்தான் நோவது? தறியில் உட்கார்ந்தவன் எல்லோருக்கும் தலைக்கு மேலே ஏதோ ஓர் அட்டை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

தழுவல் நாவல்கள் பரணுக்குப் போயின, பரணிலிருந்து பழைய பேப்பர்க் கடைக்குப் போயின. கொஞ்சம் தப்பியது என்றால் அதற்கு ஓர் ஆள் முக்கியக் காரணம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, இலக்கியம் என்று யாரும் மதிக்காத அச்சுகளையும் விடாமல் சேர்த்தார். பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், மலிவு நாவல், எல்லாம். அவர் 1992இல் இறந்தார். அந்தச் சேகரிப்பை வைத்து 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு. இங்கிலாந்தில் ரெயினால்ட்ஸும் ஏறக்குறைய இதே கதியில் நூறு ஆண்டு கிடந்து, பிறகு ஆராய்ச்சியாளர்கள் கையில் மறுபடி கண்விழித்தார். பழுப்பேறிய தாளை இரண்டு கையாலும் ஏந்திப் புரட்டினால் ஓரம் அப்பளமாய் நொறுங்கும்.

அந்த நெசவாளர் வீட்டுக்கு இந்தக் கதையைச் சொல்லத்தான் இரண்டாம் முறை போனேன். அவர் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப்பாவின் ஓர் இழையை வைத்து முறுக்கிச் சேர்க்கிற வேலை, ஆயிரக்கணக்கில். கண் எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டார். “நம்மூர்க்காரரா? முதலியாரா? எந்தத் தெரு?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரு தெரியவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

அவர் மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, தார் சுற்றும் ராட்டைக்குப் பக்கத்தில் செல்போனோடு உட்கார்ந்திருந்தாள். ஏதோ நாவல் செயலி. தினம் ஓர் அத்தியாயம் போடுவார்களாம்.

“இன்னிக்கு இன்னும் போடல சார். நேத்து நல்ல எடத்துல நிறுத்திட்டாங்க.”

“என்ன கதைம்மா?”

“பெரிய பணக்காரக் குடும்பம். ரெண்டு பசங்க. மூத்தவன் செத்துட்டான்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருக்காங்க.” அப்பாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா சாகல சார்.”